சக்கரத்தின் கனம்

அம்பாசமுத்திரத்தில் நமது நண்பர் ஒருவரின் வண்டிக் கொட்டகையில் இரண்டு தலைமுறைகள் அருகருகே நிற்கின்றன. ஒன்று பாட்டனார் ஏறிய வில்வண்டி. மற்றொன்று தகப்பனார் வாங்கிய பழைய மோட்டார். சென்ற மாதம் நாம் அங்கே போயிருந்தபோது, நண்பரின் குமாரர் நான்கு அலுமினியச் சக்கரங்களை வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைத்தனவாம்.

"அமெரிக்காவில் அந்தக் காலத்துப் பந்தய மோட்டார்களில் இருந்த மாதிரியே இருக்கின்றன, பாருங்கள் மாமா!" என்றார் பிள்ளையாண்டான்.

"வண்டி ஓடுமா, சக்கரம் ஒடியுமா என்று மாமாவிடமே கேள்!" என்றார் தகப்பனார்.

கேள்வி நம்மிடம் வந்துவிட்டது. ஆகவே அந்தப் பந்தயச் சக்கரங்களின் சரித்திரத்தை நேயர்களுக்கும் சொல்லிவிடுகிறோம்.

அமெரிக்காவில் 'டிராக்' பந்தயம் என்று ஒன்று உண்டு. நின்ற நிலையிலிருந்து இரண்டு மோட்டார்கள் ஒரே சமயத்தில் புறப்பட்டுக் கால் மைல் நேர்கோட்டில் பாய வேண்டும். முதலில் எல்லையைத் தாண்டுவது ஜெயிக்கும். இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும் வெறுமனே கிடந்த விமான மைதானங்கள் இதற்கு வாய்ப்பாய் அமைந்தன. 1951-இல் இந்தப் பந்தயங்களுக்காக ஒரு தேசீய சங்கம் ஏற்பட்டது. 1955-இல் அதன் முதல் தேசீயப் பந்தயம் கான்ஸாஸ் மாகாணத்தில் ஒரு பழைய யுத்த விமான மைதானத்தில்தான் நடந்தது. நமது சென்னைக்கு அருகே சோழவரத்திலும் யுத்தகால விமான ஓடுபாதையே பின்னர் மோட்டார்ப் பந்தயக் களமாயிற்று என்பதை நேயர்கள் அறிவார்கள்.

கால் மைல் பந்தயத்தில் புறப்படும் வேகமே பிரதானம். அங்கேதான் சக்கரத்தின் கனம் குறுக்கே நிற்கிறது. வண்டியின் மற்றப் பாகங்கள் முன்னே போனால் போதும்; சக்கரமோ முன்னேயும் போக வேண்டும், தன்னைத் தானே சுற்றவும் வேண்டும். ஆகையால் அதன் வெளி விளிம்பில் ஒரு ராத்தலைக் குறைப்பது, வண்டிக் கூட்டில் ஏறக்குறைய இரண்டு ராத்தலைக் குறைப்பதற்குச் சமானமாகும்.

இந்த உண்மை டிராக் பந்தயக்காரர்களுக்கு முன்பே சிலருக்குத் தெரிந்திருந்தது. 1924-இல் பிரான்ஸில் லியோன் நகரத்துப் பந்தயத்துக்கு வந்த புகாட்டி மோட்டார்களில், எட்டு ஆரங்களோடு ஒரே வார்ப்பாக வார்த்த அலுமினியச் சக்கரங்கள் இருந்தன. யுத்தத்துக்குப் பின் அமெரிக்காவில் டெட் ஹாலிபிராண்ட் என்பவர் அதைவிட இலேசான மக்னீஸியத்தில் பந்தயச் சக்கரங்கள் வார்த்தார். தண்ணீரின் கனத்தை ஒன்று என்று வைத்துக்கொண்டால், இரும்பு ஏறக்குறைய 7.8, அலுமினியம் 2.7, மக்னீஸியம் 1.7 தான். ஆனால் மக்னீஸியம் ஈரத்தில் அரித்துப் போகும். தீப்பற்றினால் அணைப்பது மகா கஷ்டம். பந்தயத்துக்கு ஆகுமே தவிர, மழையிலும் சேற்றிலும் போகும் குடும்ப வண்டிக்கு ஆகாது.

1956-இல் ரோமியோ பலமைடிஸ் என்ற டிராக் பந்தயக்காரர் கூட்டாளிகளோடு சேர்ந்து 'அமெரிக்கன் ரேஸிங்' என்னும் சக்கரக் கம்பெனியை ஆரம்பித்தார். அந்தக் கம்பெனியின் ஐந்து ஆரச் சக்கரம் 1960-களில் வெகு பிரசித்தி பெற்றது. 1964-இல் கிரேகார் கம்பெனியார் அலுமினிய ஆரங்களை இரும்பு வட்டையோடு இணைத்து ஒரு சக்கரம் வெளியிட்டார்கள். பந்தயக் களத்திலிருந்த அழகு இப்படித்தான் வீதிக்கு இறங்கிற்று. உலோகம் அலுமினியமாய் மாறிய பிறகும் ஜனங்கள் அதை 'மாக்' சக்கரம் என்றே அழைத்து வந்தார்கள். மக்னீஸியம் போயிற்று, பெயர் நிலைத்தது!

இதையெல்லாம் அந்நிய நாட்டுச் சமாசாரம் என்று தள்ளிவிட வேண்டாம். 1898-இலேயே சென்னைக் கலைப் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் துரை நம் தொழிலாளிகளைக் கொண்டு அலுமினியப் பாத்திரங்கள் செய்யத் தொடங்கினார். இன்று தேர்வாய்கண்டிகையில் மோட்டார்களுக்கு அலுமினியச் சக்கரங்களே வார்க்கப்படுகின்றன. நம்மவர்களுக்குக் கைத்திறமை குறைவில்லை. வேண்டுவது பரீட்சை. நல்ல தொழிற்சாலையில் புதுச் சக்கர மாதிரியை இலட்சக்கணக்கான முறை சுழற்றி வளைத்துப் பார்க்கிறார்கள். பாரத்தை மேலிருந்து போட்டு இடித்துப் பார்க்கிறார்கள். பளபளப்பு எந்தப் பரீட்சையிலும் சேர்த்தியில்லை.

இதைக் கேட்டதும் தகப்பனார் வில்வண்டியைக் காட்டினார். "பட்டையைப் பழுக்கக் காய்ச்சி வட்டையில் ஏற்றிக் குளிரவைத்த பிறகு, ஆசாரி ஒவ்வோர் ஆரக்காலையும் தட்டிச் சத்தம் கேட்பார். ஒன்று பிசகினாலும் சக்கரத்தை வெளியே விடமாட்டார்" என்றார்.

இரும்போ அலுமினியமோ, பழைய சக்கரத்தில் விரிசல் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆகையால் சக்கரங்களைத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோய், சாயம் பூசி விரிசல் காணும் முறையில் சோதிக்கும்படி பிள்ளையாண்டானிடம் சொன்னோம். சற்று முகம் வாடினாலும் அப்படியே செய்தார்.

நேற்று அவரிடமிருந்து கடிதம் வந்தது. மூன்று சக்கரங்களில் குற்றமில்லை. நான்காவதில், திருகாணித் துவாரத்தின் ஓரத்திலிருந்து மயிரிழை போல் ஒரு சிவப்புக் கோடு தெரிந்ததாம். பாபநாசம் மலைப்பாதையில் குடும்பத்தோடு இறங்கும்போது அது தெரியவந்திருந்தால்? அந்தச் சக்கரம் இப்போது கொட்டகைச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. நான்காவது சக்கரம் பரீட்சை தேறியதாகக் கிடைக்கும் வரையில் மோட்டார் பழைய இரும்புச் சக்கரங்களிலேயே ஓடும் என்று எழுதியிருக்கிறார்.