ஒரு படமும் பத்து நிமிஷமும்

"இதை என் பேரன் பத்து நிமிஷத்தில் கிறுக்கிவிடுவான், ஸார்!"

இப்படிச் சொன்னவர் படிப்பு வாசனை இல்லாதவர் அல்லர். ஓய்வு பெற்ற அதிகாரி. மார்கழியில் ஒரு கச்சேரி விடாதவர். அவர் கையிலிருந்த புத்தகத்தில் வி. எஸ். காய்தொண்டேயின் ஓவியம் ஒன்று அச்சாகியிருந்தது. மனிதர் இல்லை, மரம் இல்லை, வீடு வாசல் இல்லை, தலைப்புக்கூட இல்லை. அன்று நான் மறுமொழி சொல்லாமல் காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். அந்தக் கோழைத்தனத்துக்குப் பிராயச்சித்தமாகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நண்பரின் கணக்கையே பார்ப்போம். காய்தொண்டே 1924-ல் நாகபுரியில் பிறந்தவர், பம்பாய் ஜே. ஜே. கலைப் பள்ளியில் 1948-ல் பட்டயம் பெற்றவர். ஆரம்பத்தில் அவரும் உருவங்களைத்தான் வரைந்தார். நம் நாட்டுப் பழைய சிற்றோவியங்களையும் பால் கிளீயின் படங்களையும் பார்த்துப் பார்த்துத் தேறிய கை அது. வரையத் தெரியாமல் உருவத்தை விட்டவரல்லர். வரைந்து கடந்து வந்தவர். பிறகு அவர் ஆண்டுக்கு முடித்தவை 5 அல்லது 6 படங்களே. பேரனின் வேகத்தில் அது ஒரு மணி நேர வேலை. மற்ற நாளெல்லாம் அந்த மனிதர் என்ன செய்தார்?

காத்திருந்தார். டில்லி நிஜாமுத்தீன் பகுதியில், கூட்டத்தையும் விளம்பரத்தையும் ஒதுக்கி, தனியே இருந்தார். ஜென் பௌத்தமும், நம் திருவண்ணாமலை ரமணரின் உபதேசமும் அவரை ஈர்த்தவை. இரண்டும் மௌனத்தைப் பேசுகிறவை. அந்த மௌனம் கனிந்த பிறகே கை வேலை தொடங்கும். உருளையால் வண்ணத்தைப் பரப்புவார், கத்தியால் சுரண்டுவார், கிழித்த பத்திரிகைத் தாளை ஈர வண்ணத்தின் மேல் ஒற்றி எடுப்பார். படலத்தின் மேல் படலமாக அது வளரும். கிறுக்கலுக்கு இத்தனை பொறுமை எதற்கு?

வேறொரு கூட்டத்தாரும் உண்டு. 2013-ல் பம்பாய் ஏலத்தில் காய்தொண்டேயின் படம் ஒன்று 23.7 கோடி ரூபாய்க்குப் போனதும், "ஆகா, மேதை!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டவர்கள் இவர்கள். அவர் இறந்ததோ 2001-ல். விலைச் சீட்டைப் படித்துவிட்டுப் படத்தைக் கும்பிடுவதைவிட, என் நண்பரின் வசை எவ்வளவோ யோக்கியமானது. அவராவது படத்தைப் பார்த்துவிட்டுத் திட்டினார்!

ஆனால் அவரையும் ஒன்று கேட்க வேண்டும். தோடி ஆலாபனையை முக்கால் மணி நேரம் தலையாட்டிக் கேட்கிறீர்களே, "இதில் கதை என்ன? கதாநாயகி யார்?" என்று என்றைக்காவது கேட்டதுண்டா? காதுக்கு உள்ள படிப்பு நம் கண்ணுக்கு இல்லை என்பதுதான் உண்மை.

கண்ணைக் கெடுத்தவர்கள் யார்? இந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. என் தொடர்கதைக்குப் படம் போடுகிறவரிடம், "கதாநாயகி அழுவது தெரிய வேண்டும், கையில் கடிதம் இருக்க வேண்டும்" என்று சொல்லி அனுப்புகிறவன் நான். படம் என்றால் கதைக்கு ஊழியம் செய்வது என்று வாரா வாரம் வாசகருக்குப் போதித்தவர்கள் நாங்கள்தாம். அவர் ஆண்டுக்கு ஆறு படம் முடித்தார்; நான் வாரத்துக்கு ஓர் அத்தியாயம் தள்ளுகிறேன். எங்களில் சோம்பேறி யார் என்று எண்ணும்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

டில்லி ஜெய்ப்பூர் ஹவுஸில் அவருடைய படம் ஒன்றின் முன் நானும் நின்றிருக்கிறேன். முதலில் அதில் படகைத் தேடினேன், கடலைத் தேடினேன். கதைக்காரன் புத்தி! ஒன்றும் அகப்படவில்லை. எரிச்சலாக இருந்தது. கால் வலித்த பிறகு தேடுவதை விட்டேன். அப்போதுதான் வண்ணத்துக்குள்ளிருந்து வெளிச்சம் மெல்ல மேலே வருவது தெரிந்தது. அதைக் கதையாக்க எனக்குச் சக்தியில்லை, ஆக்கவும் கூடாது.

ஆகவே நண்பரே, பேரனை அழைத்துக்கொண்டு ஒரு முறை அங்கே போய் வாருங்கள். அவன் பத்து நிமிஷம் வரையட்டும். நீங்கள் பத்து நிமிஷம், ஒன்றும் பேசாமல், பாருங்கள். எது கடினம் என்று பிறகு பேசுவோம். காபி என் வீட்டில்.