பொறிக்காரர் கண்டது

"வேட்டைக்காரர் கதைதானே" எண்டு தட்டிவிடுகிற பழக்கத்தோடுதான் எங்களுக்குச் சண்டை.

வட அமெரிக்காவில் பொறி வைத்துப் பீவர் பிடித்தவர்கள், பீவரில் இரண்டு சாதி இருக்கு எண்டார்கள். ஒன்று ஓடையை மறித்து அணை கட்டி, குளத்துக்குள் கொப்பும் சேறுமாக வீடு வைக்கும். மற்றது அணையே கட்டாது. மிசூரி போன்ற பேராறுகளின் கரையைத் தோண்டி வளைக்குள் கிடக்கும். அதைச் 'சோம்பேறி' எண்டும் சொன்னார்கள்.

இரண்டு சாதி என்பது பிழை. விலங்கு ஒன்றேதான். பேராற்றின் வேகம் அணையை விட்டுவைக்காது, அதனால் கரையைத் தோண்டுகிறது. விளக்கம் பிழை, சரி. கண்டதும் பிழையா? 1868 இல் லூயிஸ் ஹென்றி மோர்கன் பீவர் பற்றி நூல் எழுதியபோது பொறிக்காரரிடமும் பழங்குடிகளிடமும்தான் போய்க் கேட்டார். அட்டையில் ஒரு பெயர்தான் இருக்கிறது.

அவர்களை ஞானிகளாக்கவும் நாங்கள் தயாரில்லை. வடக்குத் தோல் அடர்த்தி, தெற்குத் தோல் ஐது எண்டு கை அறிந்தது விலைக்காக. ஐரோப்பியரின் தொப்பிக்காகப் பல ஆறுகளில் பீவரே இல்லாமல் போனது.

பிறகு வேறிடத்துப் பீவர்களைக் கொண்டுவந்து விட்டார்கள். (ஐடஹோவில் 1948 இல் 76 பீவர்களைப் பரசூட்டில் இறக்கினார்கள், பகிடியில்லை.) பழைய பீவர் அந்த ஆற்றில் எப்படி வாழ்ந்தது எண்டு இப்ப யாரைக் கேட்கிறது? அருங்காட்சியக மண்டையோட்டையா? பல்லின் நீளத்தை அது சொல்லும். கரையைத் தோண்டினதா, அணை கட்டினதா எண்டு சொல்லாது.