முதலில் பிரேக், அப்புறம்தான் பெயின்ட்

அப்பாவின் பத்மினி ஷெட்டை விட்டு வெளியே வந்த படத்தைப் பார்த்துவிட்டு ஆளாளுக்கு "எப்போ சார் பெயின்ட்?" என்று கேட்கிறீர்கள். இப்போதைக்கு இல்லை.

புது பேட்டரி, புது பெட்ரோல் போட்டதும் அந்த 1089 சிசி இன்ஜின் உறுமிவிட்டது. தெருமுனை வரை ஓட்டிப் பார்க்கலாம் என்றான் தம்பி. சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன். வருஷக்கணக்கில் நின்ற வண்டி. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். வீல் சிலிண்டர் உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்கும், வெளியே தெரியாது. கார்புரேட்டரை நாமே கழற்றிக் கழுவலாம். தப்பு செய்தால் வண்டி கிளம்பாது, அவ்வளவுதான். பிரேக்கில் தப்பு செய்தால் நிற்காது. அதை மெக்கானிக்கிடம் விடுங்கள், கூடவே நின்று பாருங்கள்.

அப்பா கேட்டில் இடித்த நசுங்கலை மட்டும் தட்டி எடுக்க மாட்டேன். தங்கச்சி, இதில் இனிமேல் பேச்சு வேண்டாம்.