ஓடின வண்டி

“ஹை மைலேஜ் கார் ஒண்ணு வாங்கியிருக்கேன் மாமா” என்று நாமக்கல்லுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

“பரவால்லயே மாப்ள. இப்பத்தான் உருப்படியா ஒரு காரியம் பண்ணியிருக்க. லிட்டருக்கு எவ்வளவு குடுக்குது?”

தப்பு என்னுடையது. நம்மூரில் மைலேஜ் என்றால் ஒரு லிட்டருக்கு வண்டி கொடுக்கும் தூரம். நான் இருக்கும் இங்கிலாந்தில் மைலேஜ் என்றால் வண்டி இதுவரை ஓடி முடித்த தூரம். அதனால் ‘ஹை மைலேஜ்’ அங்கே பாராட்டு, இங்கே வசை. விளக்கிச் சொன்னேன். 2002ஆம் வருட மாஸ்டா எம்எக்ஸ்-5. ஸ்போர்ட்ஸ் கார். ரெண்டே சீட்டு, மடக்கி வைக்கிற துணிக் கூரை. 1,38,000 மைல் ஓடியிருக்கிறது; கிலோமீட்டரில் சுமார் 2,22,000. விலை 1,900 பவுண்டு.

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டார். “ஏன் மாப்ள, ஓடித் தேஞ்ச வண்டிய காசு குடுத்தா வாங்குன?”

மாமாவுக்கு ரெண்டு லாரி. அதில் ஒன்று பத்து லட்சம் கிலோமீட்டர் தாண்டியது. இன்ஜினை ரெண்டு முறை பிரித்துக் கட்டியாயிற்று. ஆயுத பூஜைக்கு அதற்குத்தான் பெரிய மாலை. பத்து லட்சம் ஓடிய லாரிக்கு மாலை போடுகிறவர், ரெண்டே கால் லட்சம் ஓடிய காரைத் ‘தேஞ்சது’ என்கிறார். இந்த முரண் அவரிடம் மட்டும் இல்லை. என்னோடு வேலை செய்கிறவர்கள், வாட்ஸ்அப் குழுவில் சிரித்த கல்லூரி நண்பர்கள், ‘நீயுமா இந்த நுகர்வு வெறியில விழுந்த?’ என்று கேட்ட இலக்கிய நண்பர் என்று எல்லோருக்கும் நான் செய்தது பைத்தியக்காரத்தனம். இல்லை என்கிறேன். அதிகம் ஓடிய பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கலாமா என்றால், வாங்கலாம். யார் வாங்கக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

*

முதலில் அந்த மீட்டர். பழைய கார் விளம்பரங்களைப் படித்திருப்பீர்கள். ‘சிங்கிள் ஓனர். டாக்டர் ஓட்டிய வண்டி. ரொம்பக் கம்மியா ஓடினது. ஷெட்டை விட்டு வெளிய எடுத்ததே இல்ல.’ கொஞ்சம் மாற்றிப் போட்டால் மணமகள் தேவை விளம்பரம். கை படாதது, வெளியே போகாதது, நல்ல குடும்பத்தில் இருந்தது. ஒரு பெண்ணுக்கு எந்த அளவுகோலை வைத்தோமோ அதையே இரும்புக்கும் வைத்திருக்கிறோம். பெண்ணுக்கு அது அநியாயம். இரும்புக்கு, அது வெறும் அறியாமை.

ஏனென்றால் கார் சும்மா நின்றால் கெடும். ஆயில் சீல்கள் காய்ந்து இறுகும். பிரேக் டிஸ்க்கில் துரு ஏறும், கேலிப்பர் இறுகிப் பிடித்துக்கொள்ளும். டேங்கில் கிடக்கும் பெட்ரோல் நாள்பட வீரியம் இழக்கும். டயர் தேயாமலேயே கிழடாகும். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், எந்த வருடம் எந்த வாரம் செய்தது என்று, பார்த்தால் தெரியும். அதைவிட மோசம், கடைக்குப் போக மட்டும் பத்து நிமிடம் எடுத்துவிட்டு நிறுத்துவது. இன்ஜின் முழுச் சூடு அடையாது. உள்ளே படியும் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாகிப் போக வழியில்லாமல் ஆயிலில் கலக்கும். ‘குறைவாக ஓடியது’ என்று கூடுதல் விலை கொடுத்து வாங்குவது பல நேரம் இந்த வண்டியைத்தான். நெடுஞ்சாலையில் சூடேறிய இன்ஜினோடு தினமும் ஒரு மணி நேரம் ஓடிய வண்டி, மீட்டரில் நான்கு மடங்கு காட்டினாலும், உள்ளே நன்றாகவே இருக்கக்கூடும்.

‘அது சாதாக் காருக்குச் சரி. ஸ்போர்ட்ஸ் காரை எவன் மெதுவா ஓட்டியிருப்பான்?’ என்பீர்கள். நியாயமான சந்தேகம். ஆனால் யோசித்துப் பாருங்கள், 1,38,000 மைலையும் யாராவது ரேஸ் ஓட்ட முடியுமா? விரட்டு விரட்டென்று விரட்டுகிறவன் அவ்வளவு தூரம் வருவதற்குள் ஒன்று வண்டியை மரத்தில் ஏற்றியிருப்பான், இல்லை அலுத்துப்போய் விற்றிருப்பான். ஒரு ஸ்போர்ட்ஸ் கார் அத்தனை தூரம் ஓடியிருக்கிறது என்றால், யாரோ ஒருவர் அதை வேலைக்குப் போக, வீட்டுக்கு வர வருடக்கணக்கில் நம்பியிருந்தார் என்று அர்த்தம். நீண்ட மீட்டர் என்பது நீண்ட தாம்பத்தியத்தின் சாட்சி.

இதெல்லாம் நமக்குத் தெரியாததா என்ன? 1985 முதல் 1996 வரை நம்மூரில் தயாரான யமஹா ஆர்எக்ஸ் 100 இன்றைக்கு என்ன விலைக்குப் போகிறது என்று பாருங்கள். அதை வாங்கப் போகும் எவனாவது எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று கேட்பானா? உதைத்து ஸ்டார்ட் பண்ணி, சத்தத்தைக் கேட்டு, புகையைப் பார்த்து, ஆர்சி புக்கை வாங்கிப் புரட்டுவான். மீட்டர் கேபிள் அறுந்து தொங்கினாலும் கவலைப்பட மாட்டான். பைக்கிடம் இருக்கும் இந்தத் தெளிவு கார் என்றதும் எங்கே போய்விடுகிறது?

*

என் வண்டியை எனக்கு விற்றவர் கவென்ட்ரிக்கு வெளியே ஒரு சிற்றூரில் இருக்கும் ஓய்வுபெற்ற செவிலியர். 2004இலிருந்து அவரிடம்தான் இருந்தது. வருடத்துக்கு எட்டாயிரம் மைல் சுமார், பெரும்பாலும் நைட் ஷிப்டுக்குப் போய்வந்தது. ஒரு தடிமனான ஃபைலைக் கையில் கொடுத்தார். ஆயில் மாற்றிய ரசீதிலிருந்து பல்பு வாங்கிய ரசீது வரை தேதி வாரியாக. நான் வாங்கியது அந்த ஃபைலைத்தான். கார் கூட வந்தது.

இங்கே இன்னொரு வசதியும் உண்டு. மூன்று வயதான கார்கள் ஒவ்வொரு வருடமும் எம்ஓடி என்ற சோதனையில் தேறியாக வேண்டும். 2005இலிருந்து அந்த முடிவுகள் இணையத்தில் இருக்கின்றன. நம்பர் பிளேட்டைத் தட்டினால் போதும், அந்தந்த வருட மீட்டர் அளவு, எதில் தோற்றது, எதைக் கவனிக்கச் சொன்னார்கள் எல்லாம் இலவசமாக வரும். மீட்டரைத் திருப்பி வைத்தால் உடனே மாட்டிக்கொள்வார்கள். வண்டியின் ஜாதகம் மாதிரி, ஆனால் இதில் எழுதியிருப்பது நடந்தது.

அந்த ஜாதகத்தை நான் படித்தேன். படித்தும் கோட்டை விட்டேன். ரெண்டு வருடம் முன்பு ஒரு வரி இருந்தது, பின்பக்கம் லேசான துரு என்று. ரசீதுகளைப் பார்த்த மயக்கத்தில் குனிந்து வண்டிக்கு அடியில் பார்க்கவில்லை. அடுத்த வருடச் சோதனையில் தோற்றது. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் இரும்புப் பெட்டி மாதிரியான பகுதி, சில் என்பார்கள், ரெண்டு பக்கமும் உளுத்துப் போயிருந்தது. துணிக் கூரையில் விழும் மழைநீர் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஓட்டை வழியாகக் கீழே இறங்க வேண்டும். அந்த ஓட்டையை இலைச்சருகு அடைத்தால் தண்ணீர் உள்ளேயே தேங்கும். குளிர்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு வெளியிலிருந்து அரிக்கும். வெட்டி, புதுத்தகடு வைத்து வெல்டிங் செய்து பெயின்ட் அடிக்க 1,300 பவுண்டு. அந்தச் செலவுக்கும் 1,38,000 மைலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வெறும் முப்பதாயிரம் ஓடிய வண்டியும் அதே மழையில் நின்றால் அப்படித்தான் உளுக்கும். நான் மீட்டரைப் பற்றிக் கவலைப்பட்ட நேரத்தில் தரையில் படுத்திருக்க வேண்டும்.

*

சரி, கணக்கு. ஒளிக்காமல் சொல்கிறேன்.

வாங்கியது 1,900. வெல்டிங் 1,300. ஓடியதால் தேய்ந்த ஷாக் அப்சார்பர்கள் 400. டைமிங் பெல்ட்டும் வாட்டர் பம்ப்பும் 380. இந்த இன்ஜினுக்கு 60,000 மைலுக்கு ஒருமுறை பெல்ட்டை மாற்ற வேண்டும். நாலு டயர் 260. ஆயில், ஃபில்டர், சில்லறை எல்லாம் சேர்த்து மூன்று வருடத்தில் 360. மொத்தம் 4,600 பவுண்டு. இன்றைக்கு விற்றால் 2,000 வரும். ஆக மூன்று வருடத்துக்கு 2,600.

என்னோடு வேலை செய்யும் நண்பன் அதே சமயம் புதுக் கார் எடுத்தான். முன்பணம் 2,000, மாதம் 389 வீதம் 36 மாதம். மொத்தம் 16,004. இங்கே பிசிபி என்றொரு முறை இருக்கிறது. மூன்று வருடம் தவணை கட்டிவிட்டு, கடைசியில் ஒரு பெருந்தொகை கொடுத்தால்தான் வண்டி உன்னுடையது. இல்லையென்றால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்ததற்குக் கையெழுத்துப் போட வேண்டும். அவன் திருப்பிக் கொடுத்தான். என்னைப் பார்த்துச் சிரித்தவன் மூன்று வருடம் காரை வாடகைக்கு ஓட்டியிருக்கிறான். அதற்குப் பெயர் புத்திசாலித்தனம், நான் செய்தது கிறுக்குத்தனம்.

அவனுக்கும் நியாயம் உண்டு, மறுக்க மாட்டேன். அவனுக்கு ரெண்டு குழந்தை. காலை ஆறு மணிக்கு வண்டி ஸ்டார்ட் ஆகியே தீர வேண்டும். நான் வேலைக்குப் பஸ்ஸில் போகிறவன். என் வண்டி ஒரு மாதம் ஒர்க்‌ஷாப்பில் நின்றால் என் வாழ்க்கை நிற்காது. இதுதான் முதல் விதி. இருக்கிற ஒரே வண்டியாக இதை வாங்காதே.

இரண்டாவது, கையிருப்பு முழுவதையும் கொட்டி வாங்காதே. வாங்கும் விலைக்குச் சமமான தொகையைத் தனியே எடுத்து வை. மூன்றாவது, பெரிய பெயரைப் பார்த்து மயங்காதே. அறுபதாயிரம் பவுண்டுக்கு விற்ற கார் எட்டாயிரத்துக்குக் கிடைக்கும். ஆனால் அதன் பார்ட்ஸ் அறுபதாயிரம் பவுண்டு காரின் பார்ட்ஸ். யானை மலிவாகக் கிடைக்கலாம், தீனி மலிவாகாது. எம்எக்ஸ்-5ஐ நான் தேர்ந்ததற்குக் காரணம் இதுதான். 1989இல் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமானது, 2016இல் பத்து லட்சமாவது வண்டி ஹிரோஷிமா ஆலையிலிருந்து வந்தது. அத்தனை வண்டி ஓடினால் பார்ட்ஸும் கிடைக்கும், பழுது பார்க்கத் தெரிந்த ஆளும் கிடைப்பான். நான்காவது, நகரத்துக்குள் போவதென்றால் கணக்குப் போடு. 2006க்கு முந்திய பெட்ரோல் கார்கள் பலவும் லண்டனுக்குள் நுழைய ஒரு நாளைக்கு 12.50 பவுண்டு மாசுக் கட்டணம் கட்ட வேண்டும். பழைய வண்டி புகைவிடுகிறது என்பது உண்மை. அதற்குக் காசு வாங்குவதில் எனக்குப் புகார் இல்லை.

இந்த நான்கில் ஒன்று இடித்தாலும் வாங்காதீர்கள். ஆசை அப்படியே இருக்கட்டும், ஒன்றும் ஆகாது.

*

கணக்கில் நான் ஜெயித்துவிட்டேன் என்று மாமாவிடம் சொன்னேன். அவர் மசியவில்லை. “லாரி சோறு போடுது மாப்ள. உன் வண்டி என்ன போடுது?”

இந்தக் கேள்விக்கு என்னிடம் கணக்கு இல்லை. சோறு போடாது. பஸ்ஸில் போகிறவனுக்குக் காரே தேவையில்லை, 2,600 பவுண்டும் தண்டம்தான். நம்மைப் போன்ற வீடுகளில் எதை வாங்கினாலும் அது எதையாவது திருப்பித் தர வேண்டும். படிப்பு வேலை தர வேண்டும், நகை அடகுக்கு ஆக வேண்டும், வண்டி லிட்டருக்கு இருபது தர வேண்டும். சும்மா சந்தோஷத்துக்கு என்று ஒரு பொருள் பணக்காரன் வீட்டில்தான் இருக்கலாம். நமக்கு அந்த உரிமை ஓய்வு பெற்ற பிறகு, முழங்கால் வலியோடு வரும்.

இதை மாமா கேட்கலாம். ஆயுள் முழுக்கச் சோற்றுக்கு ஓடியவர். ஆனால் நீ கேட்கலாமா, கவிதை படிக்கிற நண்பா? கவிதை என்ன போடுகிறது? திருவல்லிக்கேணி நடைபாதையில் அட்டை கிழிந்து, யாரோ அடிக்கோடு போட்ட புத்தகத்தைத் தேடிப் பிடித்து, ‘இதுல ஒரு வாழ்க்கை இருக்கு’ என்று சிலாகிக்கிறவன் நீ. நுகர்வு வெறி என்பது மூன்று வருடத்துக்கு ஒருமுறை பழசைத் தள்ளிவிட்டுப் புதுசு எடுப்பது. வேறு வகையும் உண்டு. ஸ்போர்ட்ஸ் காரை வாங்கித் துணி போர்த்தி ஷெட்டில் பூட்டி, விலை ஏறட்டும் என்று காத்திருக்கும் முதலீட்டாளன். ரெண்டு பேரும் காரை ஓட்டுவதில்லை என்றே சொல்வேன். யாரோ பதினாறு வருடம் உழைத்து ஓட்டியதை எடுத்து, உளுத்த இடத்தை ஒட்டுப்போட்டு மேலும் ஓட்டுகிறவனை அந்த வரிசையில் சேர்க்காதே.

அது என்ன தருகிறது என்றால், இதுதான். எடை ஒரு டன்னை ஒட்டி, திறன் சுமார் 140 குதிரை. இன்றைக்குச் சாதாரணக் குடும்பக் கார்கள் சிலவும் அதை முந்திவிடும். ஆனால் ஹிராய் தோஷிஹிகோ தலைமையில் இதை உருவாக்கியவர்களுக்கு வேகம் குறியாக இருக்கவில்லை. ‘ஜின்பா இத்தாய்’ என்றார்கள், குதிரையும் அதன் மேல் இருப்பவனும் ஒன்றாவது. நாற்பது மைல் வேகத்தில் ஒரு கிராமத்து வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது சாலையின் சொரசொரப்பு உள்ளங்கைக்கு வருகிறது. கியர் மணிக்கட்டு அசைவில் விழுகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கூரையை மடக்கிவிட்டு ஒரு மணி நேரம். திரும்பி வரும்போது, வாரம் முழுக்கத் திரையைப் பார்த்து மரத்துப்போன ஒருவனுக்குக் கை கால் இருப்பது நினைவுக்கு வருகிறது. இதை நான் புதுசாக வாங்க வேண்டுமென்றால் பத்து வருடம் காத்திருக்க வேண்டும். 1,38,000 மைல்தான் அந்த விலையை என் கைக்கு இறக்கித் தந்தது. மற்றவர்களின் பயம் எனக்குத் தள்ளுபடி.

போன மாதம் மாமா வீடியோ காலில் வந்தார். வண்டியைக் காட்டச் சொன்னார். மீட்டர் பக்கம் போனைக் கொண்டுபோனேன். “அதெதுக்கு? அடியில காட்டு” என்றார். ஈரத் தரையில் மல்லாக்கப் படுத்து டார்ச் அடித்துக் காட்டினேன். ரெண்டு பக்க வெல்டிங்கையும் நிதானமாகப் பார்த்தார்.

“ஒட்டு பரவால்ல. தண்ணி போற ஓட்டைய மாசாமாசம் ஒரு கம்பி விட்டுக் குத்தி விடு மாப்ள.”

குத்தி விட்டுக்கொண்டிருக்கிறேன்.