தோத்தா யாரு காசு?

களத்தில் நெல் காயும்போது காவலுக்கு உட்கார்ந்தால் யூடியூப்தான் துணை. புதுசா ஒன்றைக் கண்டுபிடித்துப் பெயர் வாங்கியவர்கள், தொழில் தொடங்கி ஜெயித்தவர்கள் மேடையில் பேசுவதை நிறையக் கேட்டிருக்கிறேன். நல்லாத்தான் பேசுறாங்க. ஆனால் பெரும்பாலானவர்கள் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறார்கள்: "தோல்விக்குப் பயப்படாதீங்க." அந்த இடத்தில் எனக்கு ஒரு கேள்வி வரும். சரிங்க, தோத்தா யாரு காசு?

கோயமுத்தூர் அருணாசலம் முருகானந்தத்தை உங்களுக்குத் தெரிந்திருக்கும். குறைந்த செலவில் நாப்கின் செய்யும் இயந்திரத்தை உருவாக்கியவர், 2016-ல் பத்மஸ்ரீ வாங்கியவர். அவர் பேச்சு எனக்குப் பிடிக்கும். காரணம், கொடுத்த விலையை மறைக்காமல் சொல்கிறார். செய்த நாப்கினை மருத்துவக் கல்லூரி மாணவிகளிடம் கொடுத்துக் கருத்து கேட்டார். ஒருநாள் போய்ப் பார்த்தால், சில பேர் உட்கார்ந்து எல்லாருடைய படிவத்தையும் நிரப்பிக்கொண்டு இருந்தார்களாம். அதன்பிறகு கால்பந்து பிளாடரில் ஆட்டு ரத்தத்தை ஊற்றித் தன் உடம்பிலேயே கட்டிக்கொண்டு சோதித்தார். மனைவி பிரிந்து போனார், அம்மாவும் வீட்டை விட்டுப் போனார், ஊர் ஒதுக்கியது. உள்ளே வைக்க வேண்டியது பஞ்சு இல்லை, மரக்கூழ் நார் என்று தெரியவே இரண்டு வருஷத்துக்கு மேல் ஆச்சு.

அவர் ஜெயித்தார், மனைவியும் திரும்பி வந்தார். அதனால் கதை நமக்குத் தெரியுது. அதே தூரம் போய், எல்லாத்தையும் இழந்து, கடைசியில் ஒன்றும் கைகூடாமல் போனவரை எந்த மேடையும் கூப்பிடாது.

பட்டறையில் ஒரு சாமான் சரியா வரலைன்னா மறுநாள் வேற ஒன்று செய்து பார்க்கலாம். வயலில் ஒரு சோதனை என்றால் ஒரு போகம். ஒருபோக பூமியில் இருபது வயசில் ஏர் பிடிச்சவன் அறுபது வயசுக்குள் நாற்பது தடவைதான் முயற்சி பண்ண முடியும். அதில் ஒன்று தப்பினால் அந்த வருஷம் நகை அடகுக்குப் போகும். அவனிடம் போய் "பயப்படாதே" என்றால் என்ன அர்த்தம்?

அதுக்காக விவசாயி புதுசு பண்ண மாட்டான் என்று நினைக்காதீங்க. மகாராஷ்டிராவில் சந்திரபூர் மாவட்டத்தில் தாதாஜி கோப்ரகடே என்று ஒருவர் இருந்தார். படிப்பு மூணாவது வரைக்கும்தான், நிலமும் கொஞ்சம்தான். 1983-ல் தன் வயலில் மூன்று கதிர்கள் மட்டும் மஞ்சளாக, வேற மாதிரி இருப்பதைக் கவனித்தார். அந்த விதையைத் தனியாக எடுத்து வைத்து, மறுவருஷம் வயல் நடுவில் சின்ன இடத்தில் போட்டு, காட்டுப்பன்றி வராமல் முள் வைத்து அடைத்தார். வருஷக்கணக்கில் பொறுக்கிப் பொறுக்கிப் பெருக்கினார். அதுதான் பிற்பாடு கைக்கடிகாரத்தின் பெயரில் எச்எம்டி என்று பல மாநிலங்களில் ஓடிய சன்ன ரக நெல். 2018-ல் அவர் காலமாகும்போதும் பணக்காரர் இல்லை.

எனக்கு அவர் சொல்லிக்கொடுத்தது அந்த முள் அடைப்புதான். பலிக்காமல் போயிருந்தால் போவது அந்தத் துண்டு இடம் மட்டும். வீட்டுச் சாப்பாட்டுக்கான நெல் சுத்தி இருக்கிற வயலில் பத்திரமா நிக்குது. துணிச்சல் என்றால் எங்களுக்கு அதுதான்.

எங்க ஊருக்கும் புது மருந்து, புது விதை, புது கருவி என்று வருகிறார்கள். வருகிறவர்கள் எடுத்ததும் "ஒரு ஏக்கர் முழுசாப் போடுங்க அண்ணே" என்கிறார்கள். நான் சொல்வது, "அஞ்சு சென்ட் தர்றேன். நல்லா விளைஞ்சா அதில் ரெண்டு மூட்டை நெல் வரும். உங்க சரக்கு பலிக்கலைன்னா அந்த ரெண்டு மூட்டைக்குக் காசு கொடுத்துடுங்க." இதுவரை ஒருத்தரும் சரின்னு சொன்னதில்லை. தன் கண்டுபிடிப்பு மேல் அவருக்கே ரெண்டு மூட்டை நம்பிக்கை இல்லைன்னா, ஒரு ஏக்கர் நம்பிக்கையை நான் எங்கே போய் வாங்க?

இதைப் படிக்கிறவர்களில் பலர் டவுனில் கம்பெனிகளில் இருப்பீர்கள். உங்களிலோ உங்கள் பிள்ளைகளிலோ யாராவது விவசாயிக்காக ஒரு பொருள் செய்தால், செலவுக் கணக்கில் அந்த ரெண்டு மூட்டையையும் எழுதி வையுங்க. அப்புறம் வாங்க, வரப்பில் உட்கார்ந்து பேசலாம்.