பழக்கமும் பற்றும்

பிறந்த வீட்டில் வாழ்வதற்கு எவரும் தனியே கற்க வேண்டுவதில்லை. எப்போது எழுவது, எப்படி உண்பது, பெரியோர் முன் எவ்வாறு நிற்பது என்பனவெல்லாம் நடை பயிலும் பருவத்திலேயே தாமாக அமைந்துவிடுகின்றன. ஆனால், பதின்மூன்று பதினான்கு வயதுடைய மாணவன் ஒருவன் கடல் கடந்து சென்று, முன்பின் அறியாத குடும்பம் ஒன்றில் தங்கிப் பயில நேர்ந்தால், அவன் எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து கற்க வேண்டியவனாகிறான். மேசைமேல் வைத்த கரண்டியும் அவனுக்குப் புதிது. காலையில் கூறும் வணக்கமும் புதிது. அவ்வூர் வழக்கங்களை அவன் மெல்ல ஏற்கத் தொடங்கியதும், அவனை அனுப்பியவர் உள்ளத்தில் ஓர் ஐயம் எழுகிறது. அயலார் போல் உண்டும் உடுத்தும் பேசியும் வளரும் பிள்ளை, தன் நாட்டுக்கு உரியவனாகத் திரும்பி வருவானா? இவ்வையத்திற்குச் சீன நாட்டு வரலாறு தெளிவான விடை ஒன்றைத் தந்துள்ளது.

சீன நாட்டிற் பிறந்த யுங் விங் என்பவர் 1854ஆம் ஆண்டு அமெரிக்காவின் யேல் கல்லூரியில் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் பட்டம் பெற்ற முதற் சீனர் அவரே. தமக்குக் கிடைத்த கல்வி தம் நாட்டுச் சிறுவர்க்கும் கிடைத்தல் வேண்டும் என அவர் விழைந்தார். பல்லாண்டு முயற்சிக்குப் பின் சீன அரசு அதற்கு இசைந்தது. ஆண்டுக்கு முப்பதின்மராக, 1872 முதல் 1875 வரை 120 சிறுவர் அமெரிக்காவுக்கு அனுப்பப்பெற்றனர். அவருள் பெரும்பாலோர் பத்து வயது முதல் பதினாறு வயது வரை உள்ளவர். பதினைந்து ஆண்டு அங்கே தங்கிப் பயிலுதல் வேண்டும் என்பது ஏற்பாடு. அத்துணை நெடுங்காலம் பிள்ளையைப் பிரிந்திருக்க இசைவதாகப் பெற்றோர் எழுதிக் கொடுத்தனர். சிறுவர் கப்பலேறிப் பசிபிக் பெருங்கடலைக் கடந்து, சான் பிரான்சிஸ்கோவில் இறங்கி, புகைவண்டி வழியே அந்நாட்டின் கீழைக் கோடியை அடைந்தனர். கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்போர்டு நகரம் அவர்களுக்குத் தலைமையிடம் ஆயிற்று.

அச்சிறுவர் அனைவரும் ஒரே விடுதியில் வைக்கப்படவில்லை. அம்மாநிலக் கல்வி அதிகாரியின் அறிவுரைப்படி, இருவர் மூவராகப் பிரிந்து அவ்வட்டாரத்துக் குடும்பங்களில் தங்கினர். இது மிகவும் பொருத்தமான ஏற்பாடு. ஒன்றாக வாழ்ந்திருப்பின், தம் மொழியையே பேசித் தம் ஊரையே நினைந்து காலம் கழித்திருப்பர். பாடத்தைப் பள்ளியில் கற்கலாம். ஒரு நாட்டு மக்களின் வாழ்க்கையை அவர்கள் இல்லத்தில்தான் கற்க இயலும்.

அக்கல்வி எளிதாக இருக்கவில்லை. அம்மாணவருள் ஒருவராகிய லீ யான் பூ, 1887ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் தம் இளமை நினைவுகளைச் சுவைபட எழுதியுள்ளார். அவரை அழைத்துச் செல்ல வந்த இல்லத்தலைவி, கண்டவுடன் அன்புடன் தழுவி முத்தமிட்டார். உடன் இருந்த சிறுவர் நகைத்தனர். அவரோ நாணத்தால் முகம் சிவந்தார். மழலைப் பருவத்திற்குப் பின் அவர் பெற்ற முதல் முத்தம் அஃது. அவ்வில்லத்தில் உணவு மேசையே மொழிப் பாடசாலை ஆயிற்று. ஒவ்வோர் உணவின் பெயரும் சொல்லித் தரப்படும். பெயரை மறந்தவர்க்கு அவ்வுணவு கிடையாது. இவ்வாறு கற்றதால் சொற்கள் விரைவில் மனத்திற் பதிந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஞாயிறு பள்ளிக்குப் புறப்படுமாறு அவருக்கும் அவர் தோழருக்கும் சொல்லப்பட்டது. 'பள்ளி' என்னும் சொல் மட்டுமே அவர்களுக்கு விளங்கிற்று. உடன் சென்று பார்த்தால், அது தேவாலயமாக இருந்தது. இருவரும் அஞ்சி வீட்டிற்கே ஓடிவந்துவிட்டனர்.

உடையாலும் இடர் நேர்ந்தது. சிறுவர் நீண்ட அங்கி அணிந்து, கூந்தலைப் பின்னித் தொங்கவிட்டிருந்தனர். தெருவில் கண்டவர் அவர்களைப் பெண்கள் என எண்ணி எள்ளினர். நாளடைவில் அமெரிக்க உடை அணிய அவர்களுக்கு இசைவு கிடைத்தது. ஆனால், பின்னலை வெட்டிக்கொள்ள இசைவு இல்லை. மஞ்சூ மரபினர் ஆட்சி செய்த அந்நாளில், பின்னல் வெறும் அலங்காரமன்று. அரசருக்கு அடங்கிய குடிமகன் என்பதற்கு அடையாளம் அது. ஆகவே, அவர்கள் பின்னலைத் தலையிற் சுற்றித் தொப்பியால் மறைத்துக்கொண்டு பேஸ்பால் ஆடினர். அவ்வாட்டத்தில் சிறந்தும் விளங்கினர். வகுப்பிலும் பின்தங்கவில்லை. குறித்த காலங்களில் தலைமையிடத்தில் கூடிச் சீன நூல்களைப் பயின்று, பீக்கிங் நகர் இருக்கும் திசை நோக்கி அரசரை வணங்கவும் செய்தனர்.

மேற்பார்வையிட வந்த அதிகாரிகள் இம்மாற்றத்தைக் கண்டு கலங்கினர். சிறுவர் ஆட்டத்தில் பொழுது போக்குகின்றனர் என்றும், மூத்தோரை முறைப்படி வணங்குவதில்லை என்றும், தாய்நாட்டு நூல்களைப் புறக்கணிக்கின்றனர் என்றும் அரசுக்கு எழுதினர். மறுபுறம், அமெரிக்க அரசும் தன் படைத்துறைக் கல்லூரிகளில் சீன மாணவர்க்கு இடமளிக்க மறுத்தது. இல்லத்தின் கதவு திறந்திருந்தது. அரசின் கதவு அடைத்துக்கொண்டது. எழுத்தாளர் மார்க் டுவைன் முதலிய நண்பர்கள், முன்னாள் குடியரசுத் தலைவர் கிராண்ட் வாயிலாக முயன்றும், மாணவரைத் திருப்பி அழைக்கும் முடிவை மாற்ற இயலவில்லை. 1881ஆம் ஆண்டு ஏறத்தாழ நூறு மாணவர் கல்வியை இடையில் விட்டுத் தாய்நாடு திரும்பினர். பட்டம் பெற்றிருந்தவர் மிகச் சிலரே. வரவேற்புக்கு மாறாக ஐயப்பாடே அவர்களை எதிர்கொண்டது. ஷாங்காய் நகரில் அவர்கள் காவலுடன் தங்க வைக்கப்பெற்றனர்.

அவ்வையம் பொருந்துமா என்பதைப் பின்வந்த ஆண்டுகள் காட்டின. 1884ஆம் ஆண்டு பிரெஞ்சுக் கடற்படை பூச்சௌ துறைமுகத்தில் சீனக் கப்பல்களைத் தாக்கியபோது, அக்கப்பல்களில் பணியாற்றிய அம்மாணவருள் சிலர் தம் நாட்டுக்காகப் போரிட்டு உயிர் துறந்தனர். பொறியியற் பட்டத்துடன் திரும்பிய ஜான் தியன்யூ, இருப்புப்பாதைப் பணிக்கு வரவே ஏழாண்டு காத்திருக்க நேர்ந்தது. எனினும், அவர் உள்ளம் கசந்திலர். பீக்கிங்கிலிருந்து சாங்ஜியாகோ வரை, மலைகளைக் குடைந்து செல்லும் ஏறத்தாழ 200 கிலோமீட்டர்ப் பாதையை 1905 முதல் 1909 வரை அவர் தலைமையேற்று அமைத்தார். அயல்நாட்டுப் பொறியாளர் துணையின்றிச் சீனரே அமைத்த பாதை என அது போற்றப்படுகிறது. மற்றொருவரான தாங் ஷாவோயி, 1912இல் சீனக் குடியரசின் முதல் தலைமை அமைச்சரானார்.

இவர்கள் அயலார் உணவை உண்டவர்கள். அயலார் உடையை உடுத்தவர்கள். அயலார் ஆட்டத்தை ஆடியவர்கள். ஆயினும், தாய்நாட்டுக்கு உழைப்பதில் எவர்க்கும் பின்வாங்கவில்லை. இதனால் ஓர் உண்மை புலனாகிறது. பழக்கம் வேறு, பற்று வேறு. பழக்கம் வாழும் இடத்தைச் சார்ந்தது. பற்று உள்ளத்தைச் சார்ந்தது. வார்க்கும் கலத்திற்கு ஏற்ப நீரின் வடிவம் மாறும், தண்மை மாறுவதில்லை. அதிகாரிகள் கண்டது வடிவத்தை மட்டுமே.

அவர்கள் கூற்றில் உண்மையே இல்லை எனக் கூறுதலும் நேர்மையாகாது. சில மாணவர் பின்னலை வெட்டிக்கொண்டனர்; சிலர் சமயம் மாறினர்; ஒருசிலர் அமெரிக்காவிலேயே தங்கிவிட்டனர். தாய்மொழிப் பயிற்சி பலர்க்குக் குறைந்தது. தாய்மொழியை இழத்தல் சிறிய இழப்பன்று. ஆனால், அதற்கு மருந்து தாய்மொழியை இனிமையாகவும் இடைவிடாமலும் கற்பித்தலே ஆகும். பிள்ளையைத் திருப்பி அழைத்துக் காவலில் வைத்தலன்று. அடையாளத்தைக் காக்க எண்ணி அறிவின் வாயிலை அடைப்போர் இரண்டினையும் இழப்பர்.

அன்று மாணவர் ஒரு திசையிலேயே சென்றனர். இன்று நாடுகள் தம்முள் மாணவரைப் பரிமாறிக்கொள்கின்றன. உலகப்போர்க் களங்களில் காயமுற்றோரை ஊர்தியில் ஏற்றிச் சென்று காத்த அமெரிக்கத் தொண்டர் கழகம் ஒன்று, போர் முடிந்தபின் 1947ஆம் ஆண்டு பள்ளி மாணவர் பரிமாற்றத்தைத் தொடங்கியது. ஒருவர் வீட்டில் உண்டு உறங்கி வளர்ந்தவர், அவ்வீட்டாரைப் பகைவராக எண்ணார் என்பதே அத்தொண்டர் கொண்ட நம்பிக்கை.

இன்று செல்லும் மாணவனுக்கு வசதிகள் மிகுதி. கைப்பேசியில் அன்னையின் முகத்தை அன்றாடம் காண்கிறான். அவ்வசதியில் ஓர் இடரும் உண்டு. உடல் அயலூரில் இருக்க, உள்ளம் பிறந்த ஊரிலேயே தங்கிவிடக்கூடும். அவ்வாறு தங்கியவன் சென்றும் செல்லாதவனே. அவன் கைப்பேசியைச் சற்றே கீழே வைத்துவிட்டு, அவ்வீட்டாருடன் உணவு மேசையில் அமர்தல் வேண்டும். பிழைபடப் பேசினும் பேசுதல் வேண்டும். அவர் நகைத்தால் தானும் உடன் நகைத்தல் வேண்டும். தன் மொழியையும் தன் ஊர்ச் சிறப்பையும் அவர்களுக்கு எடுத்துரைத்தலும் வேண்டும். பெறுவது மட்டும் பரிமாற்றம் ஆகாது.

பிள்ளையை அனுப்பும் பெற்றோர்க்கும் ஒரு கடமை உண்டு. திரும்பி வருபவன் கரண்டி பிடிக்கும் முறையையும் தலைமுடியின் அமைப்பையும் பார்த்து அவனை அளத்தல் கூடாது. அவன் கற்றதை யாருக்காகப் பயன்படுத்துகிறான் என்பதைப் பொறுத்திருந்து காண்டல் வேண்டும். ஷாங்காயில் காவலுக்குள் வைக்கப்பெற்ற இளைஞர்களே பின்னாளில் அந்நாட்டுக்குப் பாதை அமைத்தார்கள்.