போட்டு வாறன்

பயிற்றப்பட்ட தமிழாசிரியர், பழைய மாணவர்

கூடுதலும் பிரிதலும் மக்கள் வாழ்விற்கு இயல்பு. கூடும்போது சொல்லுஞ் சொற்களைப் பற்றி நம்மவர் நிரம்பப் பேசியுள்ளனர். வணக்கம் என்பதா, நமஸ்காரம் என்பதா என்று மேடைகளில் வழக்காடியதும் உண்டு. பிரியும்போது சொல்லுஞ் சொற்களோ அத்துணைக் கவனம் பெறவில்லை. அவற்றுள்ளும், ஏட்டில் ஏறாமல், படலையடியிலும் சந்தியிலும் பேருந்துப் படியிலும் வழங்கும் எளிய சொற்களை ஆராய்ச்சிக்கு உரியனவாக எவரும் எண்ணுவதில்லை.

"போட்டு வாறன்", "அப்ப வரட்டே?", "சரி மச்சான், பாப்பம்", "வைக்கிறன்", "டாட்டா", "பை" என்பன அத்தகையன. இவற்றைக் கேட்டு முகஞ் சுளித்து, "விடைபெறுகின்றேன் என்று சொல்" எனத் திருத்தும் ஆசிரியரும் உளர். அவர் நோக்கம் நல்லதே. ஆயினும் ஒரு சொல்லைத் திருத்துமுன் அது செய்யுந் தொழில் யாதென அறிதல் வேண்டும். இச்சொற்கள் மொழியறிவின்மையாற் பிறந்தவை அல்ல. பிரிவைச் சிறிதாக்கும் பொருட்டு மக்கள் கண்ட சொற்கள் என்பதே என் கருத்து. அக்கருத்தை நம் பழைய இலக்கணத்தைக் கொண்டே நிறுவலாம்.

பவணந்தி முனிவர் நன்னூலிலே சொல்வழக்கை இயல்பு வழக்கு, தகுதி வழக்கு என இரண்டாகப் பகுத்தார். இலக்கணமுடையது, இலக்கணப்போலி, மரூஉ என்னும் மூன்றும் இயல்பு வழக்கு. இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்னும் மூன்றும் தகுதி வழக்கு. ஆறுமுக நாவலர் அவர்களின் காண்டிகையுரை வழியாக நம் நாட்டு மாணாக்கர் தலைமுறை தலைமுறையாகக் கற்று வந்த பாகுபாடு இது. இந்த ஆறனுள் மரூஉ, மங்கலம், குழூஉக்குறி என்னும் மூன்றும் நாம் படலையடியிற் சொல்லும் சொற்களிலே உயிரோடு உலாவுகின்றன.

முதலில் மரூஉவைக் காண்போம். போய்விட்டு வருகிறேன் என்பதே யாழ்ப்பாணத்து நாவிலே "போட்டு வாறன்" எனத் தேய்ந்தது. மட்டக்களப்பார் "போயித்து வாறன்" என்பர். மலையகத்தார் "போயிட்டு வர்றேன்" என்பர். மூன்றும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். நம் வழக்கறியாத தமிழகத்து நண்பர் இதனைக் கேட்டு, எதைப் போட்டு வருகிறீர் என்று வினவி நகைத்தல் கூடும். போடுதல் என்னும் வினைக்கும் இதற்கும் யாதோர் உறவும் இல்லை. தஞ்சாவூர் தஞ்சையானதையும், மலையமானாடு மலாடானதையும் மரூஉ எனப் போற்றி மனனஞ் செய்யும் நாம், போய்விட்டு என்பது போட்டு ஆனதை மட்டும் கொச்சையென ஒதுக்குதல் எவ்வாறு பொருந்தும்? பலர் கையிற் பலகாலம் புழங்கிய நாணயம் தேய்வது இயல்பு. தேய்ந்தமையால் அதன் மதிப்புக் குறைவதில்லை.

இனி, மங்கலத்துக்கு வருவோம். மங்கலமல்லாததை மங்கலமான சொல்லாற் கூறுதல் அது. செத்தாரைத் துஞ்சினார் என்றலும், ஓலையைத் திருமுகம் என்றலும், சுடுகாட்டை நன்காடு என்றலும் உரைகாரர் காட்டும் உதாரணங்கள். போகின்றவன் "வாறன்" என்பது இவ்வகையினதே. வீட்டிலிருந்து புறப்படும் பிள்ளை "போறன்" என்று வாய்தவறிச் சொன்னால், "போறன் எண்டு சொல்லாதை, போட்டு வாறன் எண்டு சொல்லு" என்று அடுக்களையிலிருந்தே தாய் திருத்துவாள். இலக்கணம் கல்லாத தாயும் மங்கல வழக்கை அறிந்திருக்கின்றாள். புறப்படுவாரை நோக்கி, எங்கே போகிறாய் என்று நேரே கேட்பதும் நம் மக்களிடையே தகாது. "தூரப் பயணமோ?" என்று வளைத்துக் கேட்பதே மரபு.

இவ்வழக்கை வெறுஞ் சகுன நம்பிக்கை எனத் தள்ளிவிடல் ஆகாது. தொல்காப்பியர் கிளவியாக்கத்திலே வருதல், தருதல் என்னும் சொற்கள் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியன என்றும், செல்லுதல், கொடுத்தல் என்பன படர்க்கைக்கு உரியன என்றும் வகுத்துரைத்தார். அவ்விதியை மனத்திற்கொண்டு நம் சொல்லை நோக்குக. "போறன்" என்பவன் தன் முகத்தைப் படர்க்கையின் பக்கம் திருப்பிவிட்டான். "வாறன்" என்பவனோ, கால் படலையைத் தாண்டும்போதும் முன்னிலையில் நிற்பவரையே நோக்கி நிற்கின்றான். புறப்படும் செயல் ஒன்றிருக்க, மீண்டு வருஞ் செயலையே அவன் சொல்லுகின்றான். அதனையும் எதிர்காலத்தாற் கூறாது நிகழ்காலத்தாற் கூறுகின்றான். விரைவு, மிகுதி, தெளிவு முதலிய காரணங்களாற் காலம் மயங்கி வரலாம் என்பது நன்னூலார் கருத்து. இங்கே மயக்கத்துக்குக் காரணம் தெளிவு: வருவேன் என்பதில் ஐயமில்லை என்னும் தெளிவு.

இச்சொல்லை நம் மக்கள் உபசார வார்த்தையாக அன்றி, மெய்யாகவே கொள்கின்றனர் என்பதற்கு ஒரு சான்று போதும். இழவு வீட்டிலிருந்து புறப்படுபவர் "போட்டு வாறன்" என்று சொல்வதில்லை. யாதுஞ் சொல்லாது எழுந்து செல்வர். அவ்வீட்டுக்கு அத்தகைய நிகழ்ச்சிக்காக மீண்டும் வருதல் கூடாதென்பதே காரணம். பொருளற்றுப் போன சொல்லாயின் எங்கும் சொல்லலாமன்றோ? சொல்லக்கூடாத இடம் ஒன்று இருப்பதனால், சொல்லும் இடங்களிலெல்லாம் அது பொருளோடு வழங்குகின்றது என்பது பெறப்படும்.

இவ்வழக்கு தமிழருக்கு மட்டும் உரியதன்று. நம்மோடு இந்நாட்டில் வாழும் சிங்கள மக்களும் "கிஹில்லா என்னம்", அதாவது போய் வருகிறேன், என்றே பிரிகின்றனர். மலையாளத்தார் "போயிட்டு வராம்" என்பர். தெலுங்கர் "வெள்ளி வஸ்தானு" என்பர். மொழிக்குடும்பம் வேறாயினும் படலையடியிலே சிங்களமும் தமிழும் ஒரே கருத்தைச் சொல்லுதல் எண்ணி மகிழத்தக்கது.

மேனாட்டார் வேறு வழியாற் சென்றனர். "குட்பை" என்னும் ஆங்கிலச் சொல், கடவுள் உம்மோடிருப்பாராக என்னும் வாழ்த்துத் தொடர் தேய்ந்து பிறந்தது. அதுவும் அவர்களுடைய மரூஉ. "பை" என்பது மரூஉவின் மரூஉ. பிரெஞ்சு மொழியிலுள்ள "அதியூ" என்பதும் இறைவனிடம் ஒப்புவிக்குஞ் சொல்லே. இத்தாலியர் இக்காலத்திலே தோழரிடையே வழங்கும் "சாவ்" என்பது, யான் உமது அடிமை என்னும் பொருளுடைய வெனிசு நகரத்துச் சொல்லிலிருந்து வந்தது. அடியேன் என்ற பணிவுச் சொல் அங்கே தெருவிலே திரியும் நண்பர் சொல்லாயிற்று. மிகப் பெரிய வாழ்த்தும் மிகப் பெரிய பணிவும் நாட்செல்லச் செல்லச் சிறு சொற்களாகிவிடுகின்றன. மக்கள் வேண்டுவதும் அதுவே. நாள்தோறும் நிகழும் பிரிவுக்குப் பெரிய சொல் பாரமாகும். மாலையில் மைதானத்திலிருந்து வீடு திரும்பும் நண்பனிடம் "விடைபெறுகின்றேன்" என்று ஒருவன் கூறுவானாயின், இவன் கப்பலேறப் போகின்றானோ என்றே கேட்பவன் அஞ்சுவான்.

மூன்றாவது குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பதும், வேடர் கள்ளைச் சொல்விளம்பி என்பதும் நாம் படித்தவை. ஒரு கூட்டத்தார் தமக்குள் வழங்குஞ் சொல் அக்கூட்டத்தை ஒன்றாகக் கட்டுகின்றது. "சரி மச்சான், பாப்பம்" என்பது அவ்வகையினது. மச்சான் என்ற உறவுச்சொல் இங்கே உறவைக் குறிக்கவில்லை. ஒரே வாங்கிலிருந்து படித்தோம் என்பதனைக் குறிக்கின்றது. பின்னர்க் காண்போம் என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடரின் ஈற்றுச் சொல்லோடு ஓசை ஒத்தது என்ற ஒரே காரணத்தால், முதலையின் பெயரையும் சேர்த்துச் சொல்லிப் பிரியும் வேடிக்கை அமெரிக்க இளைஞரிடையே இருந்தது. 1956இலே பில் ஹேலி குழுவினரின் இசைத்தட்டு ஒன்று அதனை உலகெங்கும் பரப்பியது. முதலைக்கும் பிரிவுக்கும் என்ன தொடர்பு? யாதுமில்லை. பொருளின்மையே அங்கே பொருள். சிரித்துக்கொண்டே பிரிதற்கு அஃது ஓர் உபாயம்.

புதிய கருவிகள் புதிய சொற்களையும் ஈன்றுள்ளன. தொலைபேசியில் உரையாடி முடிப்பவர் "சரி, அப்ப வைக்கிறன்" என்கின்றனர். பேசுங் குழலை அதன் தாங்கியில் வைத்த காலத்துப் பிறந்த சொல் இது. இன்று கைபேசியில் வைப்பதற்கு ஒன்றுமில்லை. சொல் மட்டும் நிலைத்துவிட்டது. அதனினும் இனிது "வைக்கட்டே?" என்னும் வினா. விடை என்னுஞ் சொல்லுக்கு அனுமதி என்பதும் பொருள். "வைக்கட்டே?" என்று ஒருவர் கேட்க, "ஓம், வையுங்கோ" என்று மற்றவர் சொல்வதற்கு நிகரான விடைபெறுதல் வேறுண்டோ? ஏட்டுச் சொல் பெயரளவிற் கூறும் அனுமதியை இப்பேச்சுச் சொல் உண்மையாகவே கேட்டுப் பெறுகின்றது.

இவற்றால் எல்லா இடத்தும் எச்சொல்லும் தகும் என்று யான் கூறவில்லை. தகுதி வழக்கு என்ற பெயரே இடனறிதலை வற்புறுத்துகின்றது. அதிபரிடம் "பாப்பம்" என்று சொல்லிப் பிரியும் மாணவனைத் திருத்தத்தான் வேண்டும். ஆனால் அவனுக்கு நாம் கொடுக்க வேண்டிய சொல் "விடைபெறுகின்றேன்" அன்று. "போட்டு வாறன் சேர்" என்பதே. அச்சொல்லிலே எளிமையும் உண்டு, பணிவும் உண்டு. "டாட்டா", "பை" என்பனவற்றையும் யான் பகைக்கவில்லை. முன்னையது ஆங்கிலத் தாய்மார் மழலைகளுக்குப் பயிற்றிய சொல்; குழந்தை கையசைக்கும்போது அழகாகவே இருக்கின்றது. எனினும் ஒரு வேற்றுமையை நோக்குக. "அவன் எனக்கு டாட்டா காட்டிவிட்டான்" என்றால் ஏய்த்துக் கைவிட்டான் என்பது பொருளாயிற்று. "போட்டு வாறன்" என்பதற்கு அத்தகைய பொருள் ஏற்படவில்லை. பின்னையதில் மீள்வு இருக்கின்றது. முன்னையதில் அஃது இல்லை.

இவ்வேற்றுமை நமக்குச் சிறிதன்று. 1983இன் பின்னர் நம் ஊர்ப் பிள்ளைகள் நாடுநாடாகப் புறப்பட்டனர். 1995 ஒக்டோபர் 30ஆந் தேதி வலிகாமத்து மக்கள் வீடுகளைப் பூட்டித் திறப்பை மடியிற் செருகிக்கொண்டு தென்மராட்சியை நோக்கி நடந்தனர். வாசற்படியில் வைத்துச் சொல்லப்பட்ட சொல் அப்போதும் இதுவே. சொன்னவருள் மீண்டாரும் உளர், மீளாதாரும் உளர், மீளவே முடியாமற் போனாரும் உளர். ஆகையாற் சொல் பொய்த்தது என்று கூறலாமோ? கூறலாகாது என்பேன். வாக்குக் கொடுத்தவன் வரமுடியாது போயினும், கொடுத்த வாக்குக் கேட்டவர் நெஞ்சிலே கிடக்கின்றது. "வாறன் எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவன்" என்று சொல்லிக்கொண்டு இன்றுந் தெருவைப் பார்த்திருக்கும் முதியோர் நம் ஊர்களில் உளர். அவர்களிடம் அச்சொல் ஒன்றே எஞ்சியுள்ளது.

கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகள் படலையடியில் நின்று "பை அம்மம்மா" என்கின்றனர். அவர்கள்மேற் குற்றமில்லை. ஆயினும் அம்மம்மா "போட்டு வா குஞ்சு" என்று சொல்லும்போது, பிள்ளை சொல்லாத பாதியையும் தானே சேர்த்துச் சொல்லுகின்றாள். அந்தப் பாதியைப் பிள்ளையின் வாயிலே வைத்தல் பெற்றோரின் கடன். ஐந்தாறு ஆண்டு தமிழ் வகுப்புக்கு அனுப்ப இயலாதவரும் இவ்விரண்டு சொற்களைக் கற்பிக்கலாம். அவற்றின் பொருளையுங் கூறலாம். ஆசிரியராகிய நாமும் வகுப்பறையில் மரூஉவையும் மங்கலத்தையும் விளக்கும்போது, மாணவன் அன்று காலை வீட்டிற் சொல்லி வந்த சொல்லையே உதாரணமாகக் காட்டுவோமாயின், இலக்கணமும் அவனுக்குச் சொந்தமாகும், அச்சொல்லும் நிலைக்கும்.

யூபிலி விழாவுக்கென உலகின் பல திக்குகளிலிருந்தும் பழைய மாணவர் நம் கல்லூரி வாயிலில் வந்து கூடியுள்ளனர். விழா முடியப் பிரிந்தே ஆதல் வேண்டும். பிரியும்போது எம்மொழியில் வேண்டுமாயினுங் கைகுலுக்குக. மச்சான் என்று தோளில் தட்டுக. வாயிலைத் தாண்டுமுன் ஒருமுறை திரும்பி நின்று "போட்டு வாறன்" என்று சொல்லிச் செல்க. சொல்லியவர் வருதல் வேண்டும் என்பதே அச்சொல்லின் இலக்கணம்.